எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு

ஜூன் 2, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமும் சமையலறையில் பால் பாத்திரத்துக்கு மூடியாக இருந்தது. இன்றைக்கு எழுத எடுத்திருக்கிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும், சொல்ல ஆளில்லை.

காலையில் லேபுக்கு ஒரு குழந்தை வந்தது. விடாத காய்ச்சல், இரத்தம் எடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் செய்கிற வேலை. சிங்காநல்லூர் வட்டாரத்தில் 'அம்சவேணியக்கா குத்துனா வலிக்காது' என்று எனக்குப் பேர் உண்டு. அந்தப் பேரோடுதான் ஊசியை எடுத்தேன். கை ஆடியது, நரம்பு நழுவிவிட்டது. மறுபடி குத்தினேன், மறுபடியும் நழுவியது. குழந்தை வீரிட்டு அழுதது. அதன் அம்மா திட்டியிருந்தால் தேவலை. "அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையாட்டிருக்குது" என்றாள். பவித்ரா, என்னிடம் வேலை கற்றுக்கொண்டவள், என் கையிலிருந்து ஊசியை மெதுவாக வாங்கி, "சித்த உக்காருங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள். ஒரே குத்தில் எடுத்துவிட்டாள்.

காலையில் சாப்பிடாமல் போனதுதான் காரணம்.

சாப்பிடாமல் போனதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். சாயங்காலம் கொஞ்சம் குடிக்கிறேன், உறக்கம் வருவதற்காக. அதனால் காலையில் வயிறு எதையும் ஏற்பதில்லை. சூலூரில் இருக்கும் என் அப்பாவுக்கு மிலிட்டரி கேன்டீனில் மாதாமாதம் ரம் கோட்டா உண்டு. அவர் தொடமாட்டார். "மாப்பிள்ளை கடைக்கு வர்ற ஆளுங்களுக்குக் குடுக்க ஆகும்" என்று பையில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்புவார். அந்த ஆட்களுக்கு இதுவரை ஒரு பாட்டில்கூடப் போய்ச் சேர்ந்ததில்லை.

மேலே 'கொஞ்சம்' என்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். இருக்கட்டும்.

லேப் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. 'குடியை நிறுத்த விருப்பமா? எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள்.' பல மாதமாக என் தலைக்கு மேலேயே தொங்குகிறது. கீழே இருந்த எண்ணை இன்று குறித்துக்கொண்டேன். இன்னொரு குழந்தையின் கையை இப்படிக் குத்திக் குதறினால் அப்புறம் ஊசியைத் தொட எனக்கு யோக்கியதை கிடையாது.

ஜூன் 3, செவ்வாய்

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது போன் செய்தேன். எடுத்தவர் வயதானவர், பேர் சின்னராஜ் என்றார். "கூட்டத்தப் பத்திக் கேக்கோணுங்க" என்றேன்.

"ஊட்டுக்காரருக்குங்களா அம்மிணி?"

அவ்வளவு பதமாகக் கேட்டார். "ஆமாங்க" என்று வாயில் வந்துவிட்டது.

"மனசத் தளர விடாதீங்க. நானே பதினெட்டு வருசம் மில்லுக்குப் போயி அத்தனையும் குடிச்சு அழிச்சவன். இப்பப் பாருங்க, பேரனுக்குப் பாடஞ் சொல்லிக் குடுத்துட்டிருக்கறேன்."

நகரில் கூட்டம் நடக்கும் மூன்று இடங்களைச் சொன்னார். நான் பேசி முடிக்கும்வரை என் கணவரின் வெள்ளை வேட்டி கொடியில் என் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் பேர் மயில்சாமி, இதே ஊரில் ராமநாதபுரம் முக்கில் பம்ப்செட் கடை. வருடா வருடம் பழனிக்கு நடந்து போகிறவர். டீ குடித்தாலே நெஞ்சு கரிக்கிறது என்று சுக்குமல்லிக் காபியோடு நிறுத்திக்கொண்ட மனிதர். அவரைத்தான் குடிகாரர் ஆக்கியிருக்கிறேன்.

ஜூன் 7, சனி

காந்திபுரத்தில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடி. படியேறும்போதே சிரிப்பும் பேச்சுமாகக் கேட்டது. நான் வாசலில் நின்றதும் நின்றுவிட்டது. உள்ளே முழுக்க ஆண்கள். நாலு பேர் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். ஒருவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். ஒருவர் டீ வாங்க ஓடினார்.

"அண்ணன் கீழ நிக்கறாருங்களா அண்ணி?"

"அவரு வரலீங்க."

பிறகு பேசியவர்கள் எல்லாரும் என்னை வைத்துக்கொண்டு பேசினார்கள். குடும்பம் ஒரு கோயில் என்றார் ஒருவர். தாய்க்குலத்தின் கண்ணீர் என்றார் இன்னொருவர். நிஜமாக என்ன குடித்தார்கள், எங்கே விழுந்தார்கள் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாவம், ஒரு பொம்பளை முன்னால் எப்படிச் சொல்வார்கள்? நான் இருந்தால் அவர்களுடைய கூட்டமும் கெட்டுப்போகும் என்று டீயைக் குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். நல்ல டீ.

ஜூன் 9, திங்கள்

வெண்டைக்காய்ப் பொரியல், தக்காளி ரசம். அவர் இன்றைக்கும் ஒரு பத்து கிலோ அரிசி மூட்டையைக் கொண்டுவந்து டிரம்மில் கொட்டினார். பழைய அரிசி பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. இந்த மனிதருக்கு என்ன அரிசிப் பைத்தியமோ தெரியவில்லை.

பல்வலி என்று சொல்லி எட்டு மணிக்கே படுத்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

சின்னராஜ் சொன்ன இரண்டாவது இடம் ஒரு தனியார் ஆலோசனை மையம். ஏ.சி. அறை. திரையில் படம் போட்டு ஒரு பெண் இங்கிலீஷில் பேசினாள். மூளையைப் பச்சையிலும் சிவப்பிலும் காட்டினாள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றாள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: இங்கே யாராவது குடித்திருக்கிறீர்களா? கேட்கவில்லை. வழவழவென்று ஒரு ஃபைல் கொடுத்தார்கள். அதில் சஷ்டிகா இப்போது கணக்கு எழுதிப் பார்க்கிறாள்.

சஷ்டிகா என் மகள். பத்தாம் வகுப்பு. பள்ளியில் பெற்றோர் கூட்டம் வருகிறதே, நான் வரவா என்று கேட்டேன். "வேண்டாம்மா, அப்பா வரட்டும்" என்றாள். எப்போதுமே அவள் அப்பா செல்லம்.

ஜூன் 18, புதன்

மூன்றாவது இடம் ஒரு சர்ச் பள்ளிக்கூடம். பிள்ளைகள் போன பிறகு சாயங்காலம் இரண்டு வகுப்பறைகளைக் கொடுக்கிறார்கள். எட்டாம் வகுப்பு 'ஏ' பிரிவில் குடித்தவர்கள், பக்கத்தில் 'பி' பிரிவில் அவர்களுடைய குடும்பத்தார். நான் 'ஏ' பிரிவின் வாசலில் கால் வைத்தேன், சத்தியமாக வைத்தேன். அதற்குள் பின்னால் ஒரு கை என் தோளை அணைத்தது.

"அது ஆம்பளைங்க ரூமு கண்ணு. நம்முளுது இந்தப் பக்கம். வா சாமி."

சரோஜினியக்கா, 'பி' பிரிவை நடத்துகிறவர். கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் சுண்டல் தூக்கு. அந்தக் கையைத் தட்டிவிட்டு உள்ளே போகிறவள் யாராவது இருந்தால் அவளை நான் பார்க்க வேண்டும். 'பி' பிரிவில் போய் உட்கார்ந்துவிட்டேன். எட்டாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்கிறது.

அத்தனை பேரும் மனைவிமார்கள், இரண்டு அம்மாக்கள். இரண்டு அறைக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கடி பெரிய சிரிப்பு வந்தது. குடித்துக் கெட்டவர்களுக்கு அப்படி என்ன சிரிப்பு என்று காதை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

சுண்டலில் மாங்காய் போட்டிருந்தார்கள்.

ஜூன் 25, புதன்

இன்று 'பி' பிரிவில் பேசிவிட்டேன்.

"மனசுல இருக்கறத எறக்கி வையி கண்ணு" என்றார் சரோஜினியக்கா. இறக்கினேன். என் வீட்டுக்காரர் அரிசி டிரம்முக்குள் பாட்டிலை ஒளித்து வைக்கிறார் என்றேன். பல்வலி, தலைவலி என்று பொய் சொல்லி நேரத்தோடு படுக்கிறார் என்றேன். ஏலக்காயை மென்றுகொண்டு பிள்ளை பக்கத்தில் போகிறார், பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றேன். வேலை செய்கிற இடத்தில் கை நடுங்குகிறது, ஒரு பச்சைக் குழந்தையை அழ வைத்துவிட்டார் என்றேன். நாளைக்கு நிறுத்திவிடுவேன் என்று தினமும் மனதார நினைக்கிறார், நினைப்பது பொய்யில்லை என்றேன். இந்தக் கடைசியைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர்களும் அழுதார்கள். ஓர் அம்மாள் "எம்பட ஊட்டுக்காரனும் அச்சு அசல் இப்பிடித்தான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொன்னதில் ஆளைத் தவிர அத்தனையும் நிஜம். வெளியே வந்தபோது உடம்பு லேசாகிவிட்டது, அதை மறைப்பானேன்.

கடைசியில் சரோஜினியக்கா, "புதுசா ஒருத்தரு இருந்தா 'ஏ' ரூம்ல இருந்து ரெண்டு பேரு நேர்ல போயிப் பேசறது எங்க வழக்கம். உங்கவருகிட்டயும் அனுப்பட்டுங்களா?" என்று கேட்டார். எந்த மனைவி வேண்டாம் என்பாள்? தலையாட்டிவிட்டேன். கடை எங்கே என்றார்கள், அதையும் சொன்னேன். சொல்லிய வாயை என்ன செய்வது.

ஜூன் 26, வியாழன்

மறந்துவிடுவார்கள். ஆளாளுக்கு ஆயிரம் வேலை.

ஜூன் 28, சனி

மறக்கவில்லை.

சாயங்காலம் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் கடையிலிருந்து வந்து, கை கால் கழுவி, சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வழக்கமாக அங்கே உட்காரமாட்டார். சஷ்டிகா டியூஷனுக்குப் போயிருந்தாள்.

"இன்னைக்குக் கடைக்கு ரெண்டு பேரு வந்தாங்க வேணி. சின்னராஜ்னு ஒருத்தரு, கூட இன்னொருத்தரு."

கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன்.

"தோட்டத்துக்கு மோட்டார் வாங்க வந்திருக்கறாங்கன்னு உக்கார வெச்சேன். சுக்குக் காபி வாங்கிக் குடுத்தேன். 'நாங்களும் உங்கள மாதிரிதானுங்க'ன்னாங்க. செரி, அவுங்களும் பம்ப்செட் யாவாரம் போலன்னு நெனச்சேன். 'வெக்கப்படாதீங்க, வெளிய வந்தரலாம்'னாங்க. யாவாரத்த உட்டு எதுக்குங்க வெளிய வரோணும்னு கேட்டேன். அந்தப் பெரியவரு என் கையப் புடிச்சுட்டாரு. 'உங்க சம்சாரம் எங்க கூட்டத்துல வந்து அழுவுதுங்க'ன்னாரு."

நான் கிரைண்டரை நிறுத்தினேன். நிறுத்தியிருக்கக் கூடாது. வீடு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது.

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது. 'ஆமாங்க, கொஞ்ச நாளாக் குடி எச்சாத்தான் போச்சு, பொதன்கெழம வந்தர்றேன்'னு சொன்னேன்."

அப்போதும் எனக்கு நம்பிக்கைதான் பாருங்கள், இவருக்கு விஷயம் புரியாமல் ஏதோ சமாளித்திருக்கிறார் என்று. "நீங்க குடிக்கறதே இல்லையேங்க" என்றேன்.

"நான் குடிக்கறதில்லதான்."

அவர் டிரம்மைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அரிசி கொறஞ்சா பாட்டில் தெரிஞ்சிரும் வேணி. புள்ள சமைக்கப் பழகிட்டிருக்கறா. அவ கை உட்டு அள்ளறப்பத் தட்டுப்பட்டா என்ன பண்றதுன்னு, கொறையறதுக்கு முன்னாலயே கொண்டாந்து கொட்டிட்டிருந்தேன். ரெண்டு வருசமாக் கொட்டறேன். உங்கிட்டக் கேட்டா நீ ஒடஞ்சு போயிருவியோன்னு பயம். கேக்காம உட்டதுதான் என் தப்பு."

அவர் என்னைத் திட்டவில்லை. அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அம்மா போனபோது மட்டும். நானும் மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். பயம், வெட்கம், எல்லாம் இருந்தது. ஆனால் அதையெல்லாம் விடப் பெரிதாக இருந்தது நிம்மதி. இனி இந்த வீட்டில் யாரும் யாரிடமும் ஒளிக்க வேண்டாம் என்கிற நிம்மதி.

"ரெண்டு பேருகிட்ட நான் குடிகாரன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கறேன். நாளைக்குப் பழனிக்கு மாலை போட்டா ஊருல என்ன சொல்லுவாங்களோ" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. சிரிப்பு வந்துவிட்டது. சஷ்டிகா வந்து கேட்டபோது மாவு கண்ணில் பட்டுவிட்டது என்றோம். இரண்டு பேர் கண்ணிலும் எப்படிப் படும் என்று கேட்டாள். கெட்டிக்காரி.

ஜூன் 30, திங்கள்

டாக்டரிடம் போனோம். பட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார், சில நாளைக்கு தினமும் வந்து காட்டச் சொன்னார். லேபில் லீவு சொல்லிவிட்டேன். என் இரத்தத்தைப் பவித்ராதான் எடுத்தாள். வலிக்கவில்லை. நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

டிரம்முக்குள்ளிருந்து எடுத்ததை எல்லாம் அவரே குளியலறையில் ஊற்றினார். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அதையும் அவரிடம் சொன்னேன்.

அப்பாவுக்குப் போன் செய்து இனிமேல் கோட்டா வேண்டாம் என்றேன். "ஏன், மாப்பிள்ளைக்கு யாவாரம் டல்லா?" என்றார். நேரில் வந்து சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

மாத்திரையால் கொஞ்சம் தள்ளாட்டம். அவர் ஸ்கூட்டரில் மெதுவாகக் கூட்டிப் போனார்.

பள்ளி வாசலிலேயே போனில் பேசிய சின்னராஜ் காத்திருந்தார். என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, நேராக இவரைக் கட்டிப்பிடித்தார். "வந்துட்டீங்க பாருங்க, அதான் பெரிய விசயம்! இதுக்கு மேல எல்லாம் தானா நடக்கும். வாங்க வாங்க" என்று 'ஏ' பிரிவுக்கு இழுத்தார். இவர் என்னைப் பார்த்தார். இப்போதுகூடப் பேசாமல் 'பி' பிரிவுக்குப் போய்ச் சுண்டல் சாப்பிடலாம். இந்த நல்ல மனிதர் எனக்காக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பொய் சொன்னாலும் சொல்லுவார்.

"அண்ணா" என்றேன். "அவரு இல்லீங்க. நானுங்க."

சின்னராஜுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "குடிச்சது நானுங்க. அவரு சுக்குக் காபிதான் குடிப்பாரு."

'பி' பிரிவின் வாசலில் சரோஜினியக்கா தூக்கோடு நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. போன வாரம் எனக்காக அத்தனை அழுதவர். பிறகு அவர் வந்து, இந்த முறை இவருடைய தோளில் கை வைத்தார்.

"அப்ப நீதாஞ் சாமி நம்ம ரூமு. வா. பெஞ்சு சின்னது, பாத்து உக்காரு."

அத்தனை பெண்களுக்கு நடுவே என் கணவர், கையைக் கட்டிக்கொண்டு, புதிதாகப் பள்ளியில் சேர்ந்த பையனைப் போலப் போனார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நீ போ என்று தலையாட்டினார்.

நான் 'ஏ' பிரிவுக்குள் போனேன். காந்திபுரத்தில் நடந்ததே நடந்தது. பேச்சு நின்றது, நாலு பேர் எழுந்தார்கள், ஒருவர் வேட்டியை இறக்கினார். இனி குடும்பம் ஒரு கோயில் என்று ஆரம்பிப்பார்கள் என்று நினைத்தேன். திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது பின்னாலேயே வந்த சின்னராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அடக் கடவுளே. அந்த மனுசனுக்கு நான் முக்கா மணி நேரம் புத்தி சொன்னனுங்க! கல்லீரல் போயிரும், கண்ணு போயிரும்னு பயமுறுத்திட்டு, அவரு காசுல சுக்குக் காபி வேற குடிச்சுட்டு வந்தனே!"

ஒருவர் சிரித்தார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் அறையே சிரித்தது. எனக்கும் பொறுக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பெஞ்சில் தட்டித் தட்டிச் சிரித்தேன். எப்போது கடைசியாக இப்படிச் சிரித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

சிரிப்பு அடங்கியதும் மூலையில் இருந்த ஒருவர், "நீங்க எங்கீங்க ஒளிச்சு வெப்பீங்க?" என்று கேட்டார். வேவு பார்க்கிற கேள்வி இல்லை. ஒரே தொழில்காரர்கள் கேட்டுக்கொள்வது போல இருந்தது.

"அரிசி டிரம்முலீங்க."

"நானு தண்ணித் தொட்டியிலங்க" என்றார் அவர். "லேபிள் ஊறி மெதந்து வந்து மாட்டிக்கிட்டேன்."

வேட்டியை இறக்கியவர் மறுபடி மடித்துக் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. போன வாரம் 'பி' பிரிவில் சொன்ன அதே கதையை முதலிலிருந்து சொன்னேன். ஆள் மட்டும் மாறியிருந்தது. யாரும் அழவில்லை. தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள். குழந்தையின் கை வந்த இடத்தில் மட்டும் சின்னராஜ் குனிந்துகொண்டார்.

வெளியே வந்தபோது என் கணவர் ஸ்கூட்டர் பக்கத்தில் காகிதத்தில் சுண்டலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "அரிசி கொட்டறத நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்றார். பாதிச் சுண்டலை என் கையில் கொட்டினார்.

"உன் சத்தம் கேட்டுச்சு வேணி."

"பேசுனதுங்களா?"

"இல்ல. சிரிச்சது."

ஜூலை 9, புதன்

கூட்டத்துக்குப் போய் வந்தோம். நான் 'ஏ', அவர் 'பி'. அங்கே சரோஜினியக்கா வீட்டுப் போர்வெல்லுக்கு இவர் மோட்டார் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 13, ஞாயிறு

வியாழக்கிழமை சஷ்டிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். "தெரியும்" என்றாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று காலையில் வந்து, பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா வருகிறார், வேண்டுமென்றால் நீயும் வா என்றாள். வேண்டும் என்றேன்.

நாளைக்கு லேபுக்குப் போகிறேன். கொஞ்ச நாளைக்குப் பதிவு மேசையில் உட்காருகிறேன், குழந்தைகள் வந்தால் பவித்ரா எடுக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அரிசி தீர்ந்துவிட்டது. அவரும் மூட்டை வாங்கவில்லை, நானும் கேட்கவில்லை. சஷ்டிகா டிரம்மைக் கவிழ்த்துத் தட்டினாள், இரண்டு கைப்பிடி விழுந்தது. மூன்று பேருமாக டிரம்மைக் கழுவி மொட்டை மாடியில் வெயிலில் வைத்தோம். மதியத்துக்குச் சப்பாத்தி.